கிளைவ் ஹாஸ்டலுக்குப் பெயர் கொடுத்தவர்

சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்கி, மெயின்கார்டு கேட் வழியா தெப்பக்குளம் பக்கம் நடக்காத திருச்சி மாணவர் யாராவது இருக்கீங்களா? ஜவுளிக்கடை, ஜூஸ் கடை, பிளாட்பாரத்துல போன் கவர் விக்கிற கூட்டம் எல்லாத்தையும் தாண்டினா, குளத்துக்கு அருகே செயின்ட் ஜோசப்ஸ் கல்லூரிக்குச் சொந்தமான பழைய இடம் ஒண்ணு வரும். கிளைவ் ஹாஸ்டல் என்பார்கள். ராபர்ட் கிளைவ் தங்கிய வீடு அது என்பது ஊர் வழக்கு. அந்தப் பெயரை நாம தினமும் சொல்றோம். பஸ்ஸில், ஆட்டோவில், நண்பனுக்கு வழி சொல்லும்போது. ஆனா யார் அந்த ஆள் என்று கேட்டால் பள்ளிக்கூடப் பாடத்தில் படிச்ச மூணு வரிதான் ஞாபகம் வரும்: ஆற்காடு வீரர், பிளாசிப் போர், வங்காளத்தில் இரட்டை ஆட்சி. இரண்டு மதிப்பெண் வினா. முடிஞ்சது.

அந்த மூணு வரியில் வராத ஒரு விஷயம் இருக்கு. கிளைவ் ஒரு எம்.பி. இங்கிலாந்து பார்லிமென்ட்டில் உட்கார்ந்தவர். அவர் மட்டுமா? அவருடைய அப்பா எம்.பி., தம்பி எம்.பி., பங்காளி ஒருவர் எம்.பி., செயலாளர் எம்.பி., கடைசியில் மகனும் எம்.பி. ஒரு சாதாரண வக்கீல் குடும்பம் முப்பது வருஷத்துக்குள் இப்படி ஆனது எப்படி? அந்தக் கதையின் முதல் பாதி சமயபுரத்துக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் இடையில நடந்தது. அதனால்தான் இதை உங்களுக்கு எழுதத் தோணுச்சு.

இங்கிலாந்தில் ஷ்ராப்ஷயர் என்றொரு மாவட்டம். அங்கே மார்க்கெட் டிரேட்டன் என்ற சின்ன ஊருக்குப் பக்கத்தில் ஸ்டைச் என்ற பண்ணை வீட்டில் 1725 செப்டம்பர் 29 அன்று ராபர்ட் பிறந்தான். அப்பா ரிச்சர்ட் கிளைவ், வக்கீல். நிலம் இருந்தது, அதைவிட அதிகமாக அடமானக் கடன் இருந்தது. மொத்தம் 13 பிள்ளைகள், இவன்தான் மூத்தவன். சின்ன வயதிலேயே மான்செஸ்டர் பக்கம் இருந்த பெரியம்மா வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. செல்லம் கொடுத்து வளர்த்தார்கள். திரும்பி வந்தபோது பையன் யாருக்கும் அடங்கவில்லை. ஊர் சர்ச் கோபுரத்தில் ஏறி, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கல் பொம்மை மேல் உட்கார்ந்தானாம். பசங்களைச் சேர்த்துக்கொண்டு கடைக்காரர்களிடம் மாமூல் வாங்கினானாம், கொடுக்காவிட்டால் கண்ணாடி உடையும். ஊரில் இன்றும் சொல்லும் கதைகள் இவை. கொஞ்சம் மசாலா சேர்ந்திருக்கலாம். ஆனா பிற்காலத்தில் அவர் பெரிய அளவில் செய்ததைப் பார்த்தா, மாமூல் கதையை நம்பாம இருக்கவும் முடியல.

பள்ளிக்கூடம் மாற்றி மாற்றிப் போட்டும் படிப்பு ஏறவில்லை. 17 வயதில் அப்பா கிழக்கிந்தியக் கம்பெனியில் ரைட்டர் வேலை வாங்கிக் கொடுத்தார். ரைட்டர் என்றால் எழுத்தாளர் இல்லை, குமாஸ்தா. சம்பளம் வருஷத்துக்கு 5 பவுண்டு. 1743ல் கப்பல் ஏறினான். கப்பல் பிரேசில் கரையில் தரைதட்டி, அங்கேயே மாசக்கணக்கில் கிடந்தது. சும்மா இருந்த நேரத்தில் கொஞ்சம் போர்த்துகீசிய மொழி கற்றுக்கொண்டான். கடைசியில் மதராஸ் வந்து சேர்ந்தது 1744 ஜூனில். நம்ம ஊர் மொழி எதையும் அவன் ஒழுங்காகக் கற்றதே இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிடறேன்.

கோட்டைக்குள் துணி மூட்டைகளை எண்ணிக் கணக்கு எழுதும் வேலை. கடன். வீட்டு ஞாபகம். நண்பர்கள் இல்லை. துப்பாக்கியைத் தலையில் வைத்து இருமுறை விசையை இழுத்தும் வெடிக்கவில்லை என்று ஒரு கதை உண்டு. கதை எவ்வளவு நிஜமோ, அந்த மனச்சோர்வு நிஜம். வாழ்நாள் முழுக்க விட்டு விட்டு வந்துகொண்டே இருந்தது. அவருடைய கடிதங்களைப் படித்தவர்கள் எல்லோரும் இதைச் சொல்கிறார்கள்.

1746ல் பிரெஞ்சுக்காரர்கள் மதராஸைப் பிடித்தார்கள். கிளைவ் உள்ளூர்க்காரர் போல வேஷம் போட்டுக்கொண்டு கடலூர் செயின்ட் டேவிட் கோட்டைக்குத் தப்பினார். பேனாவை வைத்துவிட்டுத் துப்பாக்கி எடுத்தது அங்கேதான். (அதிகாரி ஆகிட்டாரே, இனிமே 'அவர்' என்றே எழுதறேன்.)

இப்போ கொஞ்சம் கவனமா வாங்க. ஆற்காடு நவாப் பதவிக்கு ரெண்டு பேர் போட்டி. ஒருவர் சந்தா சாகிப். திருச்சிக்காரங்களுக்கு இவரைத் தெரிஞ்சிருக்கணும், நாயக்கர் வம்சத்தின் கடைசி ராணி மீனாட்சியிடம் சத்தியம் செய்து கொடுத்துவிட்டு ஊரைப் பிடித்துக்கொண்டவர் என்று பேசப்படுபவர். இவருக்குப் பின்னால் புதுச்சேரி கவர்னர் டூப்ளே. இன்னொருவர் முகமது அலி. 1749ல் ஆம்பூர் போரில் அவருடைய அப்பா நவாப் அன்வாருதீன் கொல்லப்பட்டதும் ஓடி வந்து நம்ம மலைக்கோட்டைக்குள் புகுந்தவர். இவருக்குப் பின்னால் ஆங்கிலேயர்கள், பேருக்கு. 1751ல் திருச்சியைச் சந்தா சாகிப்பும் பிரெஞ்சுப் படையும் முற்றுகை போட்டபோது, தென்னிந்தியாவில் முகமது அலி கையில் உருப்படியாக மிஞ்சியிருந்தது இந்த ஒரு பாறையும் அதைச் சுற்றியிருந்த ஊரும்தான்.

அந்தக் கோடையில் கிளைவ் திருச்சிக்கு வந்து நிலைமையைப் பார்த்தார். படைக்கு அரிசி, மாடு, வண்டி ஏற்பாடு செய்யும் பொறுப்பு அவரிடம் இருந்தது. அதில் கமிஷன் வரும். இதை மறந்துடாதீங்க, பின்னாடி தேவைப்படும். திருச்சியை நேராகக் காப்பாற்ற முடியாது என்று அவருக்குப் புரிந்தது. மதராஸ் திரும்பி கவர்னர் சாண்டர்ஸிடம் ஒரு யோசனை சொன்னார். சந்தா சாகிப்பின் படை எல்லாம் இங்கே இருக்கு, அவருடைய தலைநகர் ஆற்காடு காலியா இருக்கு, அங்கே போய் அடிச்சா இங்கே பிடி தளரும். 200 ஐரோப்பியர், 300 சிப்பாய்கள், மூன்று சிறு பீரங்கி. அவ்வளவுதான் கொடுத்தார்கள். இடி மழையில் நடந்து போய் ஆற்காட்டைச் சண்டையே இல்லாமல் பிடித்தார். அப்புறம் சந்தா சாகிப் மகன் ராஜா சாகிப் வந்து முற்றுகை போட, இடிந்த கோட்டைக்குள் 50 நாள் தாக்குப்பிடித்தார். சோறு குறைந்தபோது சிப்பாய்கள் வெள்ளைக்காரர்களுக்குச் சோற்றைக் கொடுத்துவிட்டு வடித்த கஞ்சியைக் குடித்தார்கள் என்ற கதை பழைய பாடப்புத்தகங்களில் உண்டு. ஆங்கிலேயருக்கு ரொம்பப் பிடித்த கதை அது. சிப்பாய்களைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்களோ.

ஆற்காடு புகழ் வாங்கிக் கொடுத்தது. ஆனா போர் முடிவானது ஆற்காட்டில் இல்லை. ஸ்ரீரங்கத்தில்.

1752 வசந்தத்தில் மேஜர் ஸ்ட்ரிங்கர் லாரன்ஸும் கிளைவும் படையோடு திருச்சி வந்தார்கள். பிரெஞ்சுப் படைத் தலைவர் ஜாக் லா. பிரான்ஸையே திவாலாக்கிய மிசிசிப்பி கம்பெனி ஊழல் பற்றிப் படிச்சிருந்தா ஜான் லா என்ற பெயர் தெரியும், அவருடைய அண்ணன் தம்பி மகன் இவர். லாவுக்கு என்ன பயமோ, திருச்சியைச் சுற்றியிருந்த நிலைகளை விட்டுவிட்டு, காவிரியைத் தாண்டி ஸ்ரீரங்கம் தீவுக்குள் போய் உட்கார்ந்தார். சந்தா சாகிப் ஆட்கள் ரங்கநாதர் கோயில் மதிலுக்குள், பிரெஞ்சுக்காரர்கள் திருவானைக்காவல் கோயிலுக்குள். ஏழு பிராகாரம் கொண்ட கோயிலைக் கோட்டையாகப் பார்க்கத் தோணுவது இயல்புதான். ஆனா ரெண்டு பக்கமும் ஆறு. தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம். பாலத்தில் நின்று பார்த்தவர்களுக்கு இதன் ஆபத்து உடனே புரியும். தெற்குக் கரையில் லாரன்ஸ் இருந்தார். வடக்குக் கரையையும் அடைச்சுட்டா, உள்ளே இருக்கிறவனுக்குச் சோறு எங்கிருந்து வரும்?

படையை ரெண்டாகப் பிரித்து, பாதியுடன் கிளைவைக் கொள்ளிடத்துக்கு வடக்கே அனுப்பினார் லாரன்ஸ். கிளைவ் முகாம் போட்ட இடம் சமயபுரம். ஏப்ரல் மாதம். சாலைக்குப் பக்கத்தில் இருந்த இரண்டு கோயில்களிலும் ஆட்களை வைத்துவிட்டு, இவர் பக்கத்துச் சத்திரத்தில் படுத்தார்.

அந்த ராத்திரி நடந்ததை, அந்தக் காலத்தில் மதராஸில் இருந்த ராபர்ட் ஓர்ம் என்ற கம்பெனிக்காரர் விரிவாக எழுதி வைத்திருக்கிறார். ஸ்ரீரங்கத்திலிருந்து லா அனுப்பிய படை இருட்டில் சமயபுரத்துக்கு வந்தது. 80 ஐரோப்பியர், 700 சிப்பாய்கள். அந்த 80 பேரில் 40 பேர் ஆங்கிலப் படையிலிருந்து ஓடிப்போய்ச் சேர்ந்தவர்கள். காவல் நின்ற சிப்பாய் யார் என்று கேட்டதற்கு, லாரன்ஸ் அனுப்பிய உதவிப் படை என்று நல்ல ஆங்கிலத்தில் பதில் வந்தது. விட்டுவிட்டார்கள். முகாம் நடுவே வந்ததும் சுட ஆரம்பித்தார்கள். கிளைவ் காலடியில் இருந்த பெட்டி நொறுங்கியது. பக்கத்தில் படுத்திருந்த வேலைக்காரர் செத்தார். அவர் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. கிளைவ் எழுந்து ஓடி வந்து, சுடுவது தன்னுடைய சிப்பாய்கள்தான், பயத்தில் கண்டபடி சுடுகிறார்கள் என்று நினைத்து, எதிரிப் படைக்கு நடுவே நின்றுகொண்டு அவர்களைத் திட்டினார்! ஒரு சிப்பாய் ஆள் யாரென்று புரிந்து வாளால் வெட்டினான். காயத்தோடு திரும்பியவரை ஆறு பிரெஞ்சுக்காரர்கள் சூழ்ந்து சரணடையச் சொன்னார்கள். கொஞ்சமும் யோசிக்காமல், நீங்கள்தான் சுற்றி வளைக்கப்பட்டிருக்கிறீர்கள், துப்பாக்கியைக் கீழே போடுங்கள் என்ற மாதிரி ஒரு போடு போட்டார். மூணு பேர் போட்டுட்டாங்க. மீதிப் பேர் கோயிலுக்குள் ஓடினார்கள்.

விடிந்ததும் கோயில் வாசலில் பேச வந்தார். ரத்தம் போய் நிற்க முடியவில்லை, இரண்டு சார்ஜென்ட்கள் தோளில் சாய்ந்துகொண்டு நின்றார். உள்ளே இருந்த ஓடுகாலிகளின் தலைவன் ஒரு அயர்லாந்துக்காரன், அவரைக் குறிவைத்துச் சுட்டான். குனிந்திருந்ததால் கிளைவுக்குப் படவில்லை. குண்டு அந்த இரண்டு சார்ஜென்ட்களையும் துளைத்துச் சென்றது. இதைப் பார்த்து உள்ளே இருந்த பிரெஞ்சுக்காரர்களே வெட்கி, சரணடைந்தார்கள். ஒரே ராத்திரியில் எத்தனை தடவை தப்பித்தார் என்று எண்ணிப் பாருங்க. பிளாசியே இல்லாத ஒரு வரலாறு அன்றைக்குச் சமயபுரத்தில் ரொம்பப் பக்கத்தில் வந்துட்டுப் போயிருக்கு.

அதன் பிறகு லால்குடி, பிச்சாண்டார்கோவில் எல்லாம் ஒவ்வொன்றாக விழுந்தன. புதுச்சேரியிலிருந்து வந்த உதவிப் படை ஸ்ரீரங்கத்தை எட்டவே இல்லை. தீவுக்குள் பட்டினி. சந்தா சாகிப் உயிருக்கு உத்தரவாதம் தேடி, தஞ்சாவூர் தளபதி மானோஜியிடம் ரகசியமாகப் போனார். மானோஜி உத்தரவாதம் கொடுத்தார். அப்புறம் விலங்கு மாட்டினார். 1752 ஜூனில் சந்தா சாகிப்பின் தலை வெட்டப்பட்டு முகமது அலிக்கு அனுப்பப்பட்டது. சத்தியத்தை மீறியவர் என்று ஊர் பேசியவருக்கு, சத்தியம் செய்து கொடுத்தவர் கையாலேயே முடிவு. லாவும் சரணடைந்தார். எழுநூறுக்கும் மேற்பட்ட ஐரோப்பியர்கள் கைதிகள் ஆனார்கள்.

முகமது அலி நவாப். ஆனா திருச்சிக்கு நிம்மதி வரவில்லை. உதவிக்கு வந்த மைசூர்க்காரர்களுக்குத் திருச்சியையே தருவதாக முகமது அலி ரகசியமாக எழுதிக் கொடுத்திருந்தார். ஜெயித்த பிறகு மாட்டேன் என்றார். மைசூர் கட்சி மாறி, மறுபடி முற்றுகை. 1753ல் லாரன்ஸ் சண்டை போட்ட இடங்களில் ஒன்று பொன்மலை, நாம ரயில்வே ஒர்க்‌ஷாப்புக்கு இன்டஸ்ட்ரியல் விசிட் போற அதே பொன்மலை. மைசூர்ப் படையில் ஹைதர் அலி என்ற அதிகாரி இருந்தார். ஆங்கிலேயர் பக்கம் யூசுப்கான் என்ற சுபேதார் பெயர் வாங்கினார். மருதநாயகம் என்றால் உங்களுக்குப் புரியும், கமல் எடுத்து முடிக்காத படம். ஆனா அந்தச் சண்டைகளில் கிளைவ் இல்லை. அதற்குள் அவர் கல்யாணம் செய்துகொண்டு கப்பல் ஏறிவிட்டார்.

கல்யாணக் கதை நல்ல கதை. மதராஸில் அவருடைய நண்பர் எட்மண்ட் மாஸ்கலின். அவருடைய தங்கை மார்கரெட் இங்கிலாந்திலிருந்து எழுதும் கடிதங்களை அண்ணன் படித்துக் காட்ட, கிளைவுக்குப் பிடித்துப்போனது என்பார்கள். மார்கரெட் மதராஸ் வந்தார். 1753 பிப்ரவரி 18 அன்று புனித ஜார்ஜ் கோட்டை செயின்ட் மேரி சர்ச்சில் கல்யாணம். பெண்ணுக்கு 17, மாப்பிள்ளைக்கு 27. அந்த சர்ச் இன்றும் இருக்கு, போய்ப் பார்க்கலாம்.

இஞ்சினியரிங் படிக்கிற நமக்கு இந்த மாமனார் வீடுதான் சுவாரசியம். மார்கரெட்டின் இன்னொரு அண்ணன் நெவில் மாஸ்கலின். பிரிட்டன் அரசு வானியலாளர். கடலில் தீர்க்கரேகை கண்டுபிடிக்கும் போட்டியில் கடிகாரம் செய்த ஹாரிசனுக்கு எதிராக நின்று நிலவைக் கொண்டு கணக்குப் போட்டவர். ஸ்காட்லாந்தில் ஷிஹேலியன் என்ற மலைக்குப் பக்கத்தில் தூக்குக் குண்டைத் தொங்கவிட்டு, மலையின் ஈர்ப்பு அதை எவ்வளவு இழுக்கிறது என்று அளந்து, பூமியின் அடர்த்தியைக் கணக்கிட வழி செய்ததும் அவர்தான். அந்த அளவீடு நடந்தது 1774ல். மார்கரெட்டின் உறவினர் ஜான் வால்ஷ், மதராஸில் பிறந்தவர், கிளைவின் செயலாளர். பணம் சேர்த்து ஊர் திரும்பியதும் மின்சார மீன் ஆராய்ச்சியில் இறங்கி, அந்த மீன் கொடுக்கும் அதிர்ச்சி மின்சாரம்தான் என்று சோதனையால் காட்டி, 1773ல் ராயல் சொசைட்டியின் காப்ளி பதக்கம் வாங்கினார். வால்ஷும் எம்.பி.தான். கர்நாடகத்திலும் வங்காளத்திலும் சம்பாதித்த காசு எங்கெல்லாம் போய் எப்படியெல்லாம் அறிவியலாக மாறியது பாருங்க. இதற்குச் சந்தோஷப்படுவதா வருத்தப்படுவதா என்று எனக்கு இன்னும் தெரியல.

சரி, எம்.பி. விஷயத்துக்கு வருவோம். 1753ல் ஊர் திரும்பியபோது கிளைவ் கையில் சுமார் 40,000 பவுண்டு. வருஷம் 5 பவுண்டு சம்பளத்தில் சேர்ந்தவர்! அரிசி, மாட்டு வண்டி கமிஷன் ஞாபகம் இருக்கா? பெரும்பகுதி அதுதான். அப்பாவின் அடமானக் கடனை அடைத்தார். மீதியில் ஒரு பார்லிமென்ட் தொகுதிக்கு நின்றார்.

அந்தக் காலத்துத் தொகுதி என்றால் லட்சக்கணக்கான ஓட்டு என்று நினைக்காதீங்க. கார்ன்வாலில் மிட்செல் என்று ஒரு குட்டி ஊர், ஓட்டுப் போடுபவர்கள் சில பத்துப் பேர். ஆனா எம்.பி. இரண்டு. அந்தச் சில பத்துப் பேரையும் பிரபுக்கள் காசு கொடுத்தும் மிரட்டியும் கையில் வைத்திருப்பார்கள். ஓட்டுக்குப் பணம் நம்ம ஊர்க் கண்டுபிடிப்பு என்று யாராவது சொன்னால் இதைக் காட்டுங்க. 1754ல் கிளைவ் செலவழித்து ஜெயித்தார். எதிர்த்தரப்பு மனு போட்டது. 1755ல் பார்லிமென்ட்டே ஓட்டெடுத்து, 207க்கு 183 என்ற கணக்கில் அவரை வெளியே அனுப்பியது. நம்ம சீமையில் சம்பாதித்த காசில் பெரும்பகுதி போச்சு. ஒரு வயசு மகன் எட்வர்டை ஊரில் விட்டுவிட்டு, புருஷனும் பெண்டாட்டியும் மறுபடி இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார்கள். அந்தத் தேர்தல் வழக்கில் ஜெயித்திருந்தால் அவர் திரும்பி வந்திருப்பாரா? நான் நினைக்கிறேன், மாட்டார்.

அடுத்தது உங்களுக்குத் தெரிந்தது. வேகமாகப் போவோம். 1757 ஜூன் 23, பிளாசி. மீர் ஜாபரிடமிருந்து 2,34,000 பவுண்டு. அதற்கு மேல் வருஷம் 27,000 பவுண்டு வரும் ஜாகீர். 1760ல் திரும்பிப் போனபோது இங்கிலாந்தின் பெரும் பணக்காரர்களில் ஒருவர். இப்போ சில பத்து ஓட்டு ஊர்களைக் கெஞ்ச வேண்டியதில்லை, ஊரையே வாங்கலாம். 1761 முதல் சாகும்வரை ஷ்ரூஸ்பரி தொகுதி எம்.பி. 1763ல் வால்காட் என்ற எஸ்டேட்டை வாங்கினார், அதோடு பிஷப்ஸ் காஸில் என்ற தொகுதியும் கைக்கு வந்தது. பங்காளி ஜார்ஜும் தம்பி வில்லியமும் அங்கே எம்.பி. ஆனார்கள். அப்பா ரிச்சர்ட் 1759லேயே மான்ட்கோமரி எம்.பி. செயலாளர் ஹென்றி ஸ்ட்ராச்சி இன்னொரு தொகுதியில். ஒரு குடும்பக் கட்சி. இந்தியாவில் பணம் சேர்த்துத் திரும்பியவர்களுக்கு அங்கே வைத்த பட்டப்பெயர் 'நேபாப்'. நம்ம நவாப்தான், உச்சரிப்பு கெட்டுப்போய். அதில் மரியாதை இல்லை, எரிச்சல்தான் இருந்தது.

1765ல் மீண்டும் வங்காளம் வந்து, ஷா ஆலம் பேரரசரிடமிருந்து வங்காளத்தின் வரி வசூல் உரிமையைக் கம்பெனிக்கு வாங்கிக் கொடுத்தார். கம்பெனி ஊழியர்கள் பரிசு வாங்கக்கூடாது என்று சட்டம் போட்டதும் இவரே. தான் வாங்கி முடித்த பிறகு. 1770ல் வங்காளத்தில் பஞ்சம். மக்களில் மூன்றில் ஒரு பங்கு செத்ததாக அந்தக் காலக் கணக்கு. அப்போது அவர் அங்கே இல்லை, ஆனா மழை பொய்த்த வருஷத்திலும் இரக்கமில்லாமல் வரி பிடுங்கிய ஏற்பாடு அவர் போட்ட அஸ்திவாரத்தில் நின்றது.

லண்டனில் கேள்விகள் எழுந்தன. பர்கோயின் என்ற ராணுவ அதிகாரி எம்.பி. தலைமையில் விசாரணைக் குழு. தான் எம்.பி.யாக உட்கார்ந்திருந்த அதே சபையில் கிளைவ் ஒரு திருடனைப் போல விசாரிக்கப்படுவதாகக் குமுறினார். முர்ஷிதாபாத் கஜானாவில் தங்கமும் ரத்தினமும் இருபக்கமும் குவிந்து கிடக்க நடந்து போன தான், இவ்வளவு கொஞ்சமாக எடுத்ததை நினைத்தால் தனக்கே ஆச்சரியமாக இருக்கிறது என்று வாதாடினார். சொத்தை எடுத்துக்கொள்ளுங்கள், மானத்தை விடுங்கள் என்றும் கேட்டார். 1773 மே மாதம், ராத்திரி முழுக்க நடந்த விவாதத்துக்குப் பிறகு முடிவு வந்தது. அவர் 2,34,000 பவுண்டு வாங்கியது உண்மை. ஆனா நாட்டுக்குப் பெரும் சேவை செய்தார் என்பதும் உண்மை. ரெண்டையும் ஒரே சபை ஒத்துக்கொண்டது. அந்தச் சபையில் வங்காளத்திலிருந்தோ கர்நாடகத்திலிருந்தோ சாட்சி சொல்ல ஒரு ஆள் இல்லை.

1774 நவம்பர் 22 அன்று லண்டன் பெர்க்லி சதுக்கத்து வீட்டில் கிளைவ் இறந்தார். வயது 49. வயிற்று வலிக்கு நெடுநாளாக அபின் எடுத்துக்கொண்டிருந்தார். தானே உயிரை மாய்த்துக்கொண்டார் என்பதே பலரின் முடிவு. பிறந்த ஊருக்குப் பக்கத்தில் மோர்டன் சே என்ற கிராமத்துச் சர்ச்சில் புதைத்தார்கள். புதைத்த இடத்துக்கு மேல் பெயர் பொறிக்கவில்லை.

இங்கே நிறுத்தினால் பாதிக் கதை. மகன் எட்வர்டு 1774லேயே லட்லோ தொகுதி எம்.பி. ஆனார், 20 வயதில். சட்டப்படி 21 ஆகியிருக்கணும், யாரும் கண்டுகொள்ளவில்லை. 1798ல் அவர் மதராஸ் கவர்னராக வந்தார். அப்பா குமாஸ்தாவாக வந்த அதே கோட்டைக்கு. மனைவி ஹென்ரியட்டா, இரண்டு மகள்களோடு. 1800ல் அந்த மூன்று பெண்களும் பல்லக்கிலும் யானையிலும் மைசூர் வரை போய், திருச்சி, தஞ்சாவூர் வழியாகத் திரும்பினார்கள். சின்ன மகள் சார்லட் வளர்ந்து, பின்னாளில் விக்டோரியா இளவரசிக்கு ஆசிரியப் பொறுப்பில் இருந்தார். சென்னையில் ராஜாஜி ஹால் தெரியுமில்லையா, எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, கலைஞர் உடல்கள் வைக்கப்பட்ட இடம்? அதைக் கட்டியது எட்வர்டு கிளைவ் காலத்தில். வரைந்தவர் ஜான் கோல்டிங்ஹாம், கிண்டி பொறியியல் கல்லூரிக்கு மூலமான சர்வே பள்ளியை நடத்திய வானியலாளர்.

1799 அக்டோபரில் கயத்தாறில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டபோது கவர்னர் இந்த எட்வர்டுதான். 1801 ஜூனில் மருது சகோதரர்கள் வெளியிட்ட பிரகடனம் எங்கே ஒட்டப்பட்டது தெரியுமா? திருச்சிக் கோட்டைச் சுவரிலும் ஸ்ரீரங்கம் கோயில் மதிலிலும். எல்லா சாதியினரும் எல்லா மதத்தினரும் சேர்ந்து வெள்ளையரை விரட்ட வேண்டும் என்ற அழைப்பு. ஐம்பது வருஷம் முன்பு அப்பா கிளைவ் பட்டினி போட்டுப் பணியவைத்த அதே தீவு, அதே மதில். அக்டோபரில் மருதுக்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். எழுபதுக்கும் மேற்பட்டவர்கள் பினாங்குக்கு நாடு கடத்தப்பட்டார்கள், அதில் சின்ன மருதுவின் மகன் துரைசாமி சிறுவன். பாளையக்காரர் சீமையில் யாரும் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது என்ற உத்தரவு எட்வர்டு கிளைவ் பெயரில் வந்தது.

அதே 1801 ஜூலையில் இன்னொன்றும் நடந்தது. அப்பா உயிரைப் பணயம் வைத்து நவாப் ஆக்கிய முகமது அலி, அதற்கான போர்ச் செலவெல்லாம் தன் கடன் என்று கம்பெனி எழுதிக்கொண்டதால் வாழ்நாள் முழுக்க வட்டி கட்டியே 1795ல் இறந்தார். அந்தக் கடன் பத்திரங்களில் லாபம் பார்த்தவர்கள் லண்டனில் தொகுதி வாங்கி எம்.பி. ஆனார்கள். ஆற்காட்டுக் கூட்டம் என்றே பார்லிமென்ட்டில் ஒரு கோஷ்டி இருந்தது. அவருடைய மகன் 1801ல் இறந்ததும், வாரிசு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட மறுத்தார். கையெழுத்துப் போடத் தயாராக இருந்த வேறொரு பேரனை எட்வர்டு கிளைவ் நவாப் ஆக்கினார், பெயருக்கு மட்டும். கர்நாடகம் முழுவதும், திருச்சி உட்பட, கம்பெனிக்கு. அந்த வருஷமே திருச்சிக்கு முதல் கலெக்டர் வந்துவிட்டார், ஜான் வாலஸ்.

எட்வர்டு ஊர் திரும்பி, மனைவி வழிச் சொத்தான போவிஸ் கோட்டைக்குப் பிரபு ஆனார். 80 வயதிலும் காலை ஆறு மணிக்குச் சட்டைக் கையை மடித்துக்கொண்டு தோட்டத்தில் மண் கொத்துவாராம். 1839 வரை வாழ்ந்தார். குடும்பம் இங்கிருந்து கொண்டுபோன பொருட்கள், திப்பு சுல்தானின் கூடாரம் உட்பட, வேல்ஸில் அந்தக் கோட்டையில் இன்றும் காட்சிக்கு இருக்கின்றன. டிக்கெட் வாங்கித்தான் பார்க்கணும்.

முகமது அலியைப் பார்க்க டிக்கெட் வேண்டாம். அவருடைய சமாதி நம்ம நத்தர்ஷா பள்ளிவாசல் வளாகத்தில் இருக்கு. கிளைவ் ஹாஸ்டலிலிருந்து நடந்தே போயிடலாம்.